சதுப்பு நிலத்துச் சிவப்புப் பனையும் சென்னையின் ஆழ்துளைக் கிணற்று நீரும்

உங்கள் கேள்வியைச் சுருக்கமாகத் திரும்பச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். நீங்கள் தென்சென்னைப் புறநகரில் வசிக்கிறீர்கள். ஓராண்டுக்கு முன் ஒரு நர்சரியில் ‘லிப்ஸ்டிக் பாம்’ என்ற பெயரில் மூன்றடி உயரக் கன்று ஒன்றை நல்ல விலை கொடுத்து வாங்கினீர்கள். அது சதுப்பு நிலத்துச் செடி, எப்போதும் தண்ணீரில் நிற்க வேண்டும் என்று விற்றவர் சொன்னதால், தொட்டிக்கு அடியில் அகலமான தட்டு வைத்து அதில் ஆழ்துளைக் கிணற்று நீரை வற்றாமல் நிரப்பி வருகிறீர்கள். இருந்தும் இலை நுனிகள் கருகுகின்றன, புதிய குருத்து வெளிறி விரிகிறது, தண்டின் சிவப்பும் எடுப்பாக இல்லை. தண்ணீர் போதவில்லையோ என்ற ஐயத்தில், தோட்டத்தில் சிமெண்ட் பூசிய குட்டை ஒன்று கட்டி அதற்குள் இறக்கி நட்டுவிடலாமா என்று கேட்கிறீர்கள். பக்கக் கன்றுகளைப் பிரித்து நடலாமா என்றும் கேட்கிறீர்கள். கேள்வி தண்ணீரின் அளவைப் பற்றியதாக இருக்கிறது. ஆனால் நீங்கள் தந்துள்ள விவரங்களை அடுக்கிப் பார்த்தால், சிக்கல் தண்ணீரின் தன்மையில் இருப்பதற்கே வாய்ப்பு அதிகம். ஆகவே குட்டை வேலையை இப்போதைக்கு நிறுத்தி வையுங்கள்.

நான் தோட்டக்கலை படித்தவன். மலேசியாவின் ஜொகூரிலும் சிங்கப்பூரிலும் நிலவனப்புப் பணிகளுக்குச் செடி வளர்த்துத் தரும் நாற்றங்கால்களில் நெடுங்காலம் வேலை பார்த்தேன். இந்தப் பனையை முளைவிட்ட நாற்றிலிருந்து ஆளுயரத்தைத் தாண்டிய குத்து வரை எல்லாப் பருவத்திலும் கையாண்டிருக்கிறேன். தமிழ்நாட்டில் நான் பார்த்த செடிகள் அவற்றைவிடக் குறைவு. அதனால் மரத்தின் இயல்பைப் பற்றிச் சொல்லும் இடங்களில் உறுதியாகவும், உங்கள் தொட்டிக்குள் நடப்பதைப் பற்றிச் சொல்லும் இடங்களில் சற்றுத் தயக்கத்தோடும் பேசுவேன். இலை கருகுவதற்குக் காரணங்கள் பல. நீரைப் பரிசோதிக்காமல், வேரைக் கண்ணால் பார்க்காமல், ஒரே ஒரு படத்தை வைத்து எவரும் தீர்ப்புச் சொல்லிவிட முடியாது.

முதலில் மரத்தைப் பற்றி. இதன் அறிவியல் பெயர் சிர்டோஸ்டாக்கிஸ் ரெண்டா. ப்ளூமே என்ற தாவரவியலாளர் 1838ல் இப்பெயரை இட்டார். பழைய தோட்டக்கலை நூல்களில் சிர்டோஸ்டாக்கிஸ் லக்கா என்று காணப்படுவதும் இதுவேதான். மலாய் மொழியில் பினாங் மேரா என்றும் பினாங் ராஜா என்றும் சொல்வார்கள். தென் தாய்லாந்து, மலாய்த் தீபகற்பம், சிங்கப்பூர், சுமத்ரா, போர்னியோ ஆகியவையே இதன் இயற்கையான இருப்பிடங்கள். 2009ல் வெளியான திருத்தப்பட்ட வகைப்பாட்டின்படி இப்பேரினத்தில் ஏழு இனங்கள் உள்ளன. மற்ற ஆறும் கிழக்கே நியூ கினி, சாலமன் தீவுகள் பக்கம் இருக்க, இது ஒன்று மட்டும் மேற்கே ஒதுங்கி வாழ்கிறது. ஒல்லியான பல தண்டுகள் ஒரே அடியிலிருந்து எழுந்து குத்தாக நிற்கும். காட்டில் பத்து மீட்டர் அளவுக்கும் உயரும். தோட்டத்தில் பெரும்பாலும் அதில் பாதியோடு நிற்கும். இலையடி மட்டைகள் ஒன்றையொன்று சுற்றித் தண்டின் உச்சியில் வழவழப்பான குழல்போல் அமைகின்றன. அந்தக் குழலும் இலைக்காம்பும்தான் அரக்குச் சிவப்பில் மின்னுகின்றன. சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்கா தன் சின்னத்தில் வைத்திருப்பது இந்த மரத்தைத்தான்.

இது வளரும் சதுப்பு எத்தகையது என்பதில்தான் உங்கள் கேள்விக்கான விடை இருக்கிறது. தமிழ்நாட்டில் சதுப்பு என்றதும் பிச்சாவரமும் பள்ளிக்கரணையும் நினைவுக்கு வரும். பிச்சாவரம் கடல்நீர் ஏறி இறங்கும் உப்புச் சதுப்பு. அந்தமானிலும் சுந்தரவனத்திலும் உள்ள நீப்பா பனை அப்படிப்பட்ட உவர்நீரில் வளரும். சுந்தரவனத்தின் ஹெந்தால் என்னும் சதுப்பு ஈச்சையும் அப்படியே. சிவப்புப் பனையின் ஊர் அதற்கு நேர் எதிரானது. அது கரிச்சதுப்புக் காடு: பல்லாயிரம் ஆண்டுகளாக விழுந்த இலையும் கிளையும் வேரும், நீர் தேங்கியதால் முழுதாக மட்காமல், சில இடங்களில் பத்து மீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்துக்குப் படிந்து கிடக்கும் நிலம். அங்கே தரையில் மண் என்று சொல்லத்தக்க கனிமம் எதுவும் கிட்டத்தட்ட இல்லை. நீர் முழுவதும் வானத்திலிருந்து வருவது. ஆற்று நீரோ ஊற்று நீரோ அதில் கலப்பதில்லை. அழுகிய இலைகளின் சாறு இறங்கி, பால் விடாத தேநீரின் நிறத்தில் இருக்கும். அதன் பி.எச். அளவு பெரும்பாலும் 3.5 முதல் 4.5 வரை, அதாவது நல்ல அமிலத்தன்மை. உப்போ சுண்ணாம்போ ஏறக்குறைய இல்லை. தாய்லாந்தின் நராதிவாட் மாகாணத்தில் உள்ள தோ டேங் சதுப்புக் காட்டில் மரப்பலகை நடைபாதை உண்டு. இந்தக் கருநீரையும் அதில் நிற்கும் செந்தண்டுகளையும் ஒருங்கே பார்க்க விரும்புகிறவர்களுக்கு அது வசதியான இடம்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அந்தக் காட்டின் தரை சமமானதன்று. மரங்களின் அடியைச் சுற்றி வேர்களும் சருகுகளும் சேர்ந்து மேடுகள் உண்டாகின்றன. இடையிடையே பள்ளங்களில் நீர் நிற்கிறது. மழைக்காலத்தில் நீர்மட்டம் ஏறி மேடுகளையும் மூழ்கடிக்கும். மழை குறைந்த மாதங்களில் தரைக்குக் கீழே இறங்கும். பனை பெரும்பாலும் மேட்டின்மேல் அமர்ந்துகொண்டு வேரைப் பள்ளத்து நீருக்கு அனுப்புகிறது. மூச்சுக்காக மேல்நோக்கி வளரும் சுவாச வேர்களும் இதற்கு உண்டு. நீருக்குள் வளரும் வேரின் உட்புறத்தில் காற்றுச் செல்வதற்கான இடைவெளிகள் அமைகின்றன; தண்டின் வழியே இறங்கும் காற்று அவற்றின் ஊடாக வேர்நுனி வரை போகிறது. ஆனால் நர்சரியில் ஈரமண்ணில், காற்றோட்டத்தில் வளர்ந்த வேர்களில் இந்த இடைவெளிகள் அவ்வளவாக இருப்பதில்லை. அப்படி வளர்ந்த கன்றைக் கொண்டுவந்து ஒரே நாளில் நீருக்குள் நிறுத்தினால், பழைய வேர்கள் மூச்சுத்திணறி அழுகத் தொடங்கும். நீருக்கு ஏற்ற புதிய வேர்கள் வருவதற்குள் செடி நலிந்துவிடும். சிங்கப்பூரில் குளத்து நீருக்குள்ளேயே செழித்து நிற்கும் குத்துகளைக் காட்டி ‘இது தண்ணீரில் வளரும்’ என்பார்கள். அது உண்மைதான், ஆனால் அவை அந்த நீருக்குப் படிப்படியாகப் பழகியவை, அந்த நீரும் மழைநீர்.

இனி உங்கள் தொட்டிக்கு வருவோம். நீங்கள் குறிப்பிட்ட பகுதியில் ஆழ்துளைக் கிணற்று நீர் பெரும்பாலும் உப்பும் கடினத்தன்மையும் கூடியது. வாளியின் உட்புறத்தில் வெள்ளைப் படலம் படிகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் கரைந்த உப்புகளின் அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது என்றும், வேறு நீர் இல்லாவிட்டால் 2000 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்றும் சொல்கிறது. மனிதருக்கான அந்த மேல்வரம்பு இந்தப் பனைக்குச் சற்றும் ஒவ்வாதது. தட்டில் நீர் நிற்கும்போது என்ன நடக்கிறது என்றால், தொட்டி மண் கீழிருந்து நீரை உறிஞ்சுகிறது, மேற்பரப்பிலிருந்து நீர் ஆவியாகிறது, உப்பு மட்டும் மண்ணிலேயே தங்கிவிடுகிறது. வெளியேற வழியில்லாததால் நாளுக்கு நாள் செறிவு ஏறுகிறது. ஓராண்டு இப்படிப் போனால், உங்கள் தொட்டி மண்ணில் இருக்கும் நீர் நீங்கள் ஊற்றிய நீரைவிடப் பல மடங்கு உப்பாக இருக்கும். அந்நிலையில் வேரைச் சுற்றி ஈரம் இருந்தும் செடியால் அதை எளிதாக உறிஞ்ச முடியாது. இலை நுனி தாகத்தால் கருகுவதுபோலவே கருகும். அதைப் பார்த்து மேலும் நீர் ஊற்றுகிறோம், உப்பு மேலும் ஏறுகிறது.

குருத்து வெளிறுவதற்குக் காரணம் வேறு. கடின நீரில் உள்ள பைகார்பனேட் நாளடைவில் மண்ணின் பி.எச். அளவை ஏழுக்கு மேல் தூக்கிவிடுகிறது, அதாவது மண்ணைக் காரமாக்கிவிடுகிறது. அமில மண்ணில் தாராளமாகக் கிடைக்கும் இரும்பும் மாங்கனீசும் அந்த நிலையில் கரையாமல் முடங்கிவிடும். மண்ணில் இரும்பு இருந்தும் வேருக்கு எட்டாது. அதனால் புதிய இலை நரம்பு மட்டும் பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் விரியும். அடி இலைகள் பச்சையாக இருக்க, புதிய இலை வெளிறினால் இரும்புப் பற்றாக்குறை என்று ஐயப்படலாம். மாறாக, அடி இலைகளில் ஒளியில் பிடித்தால் தெரியும் ஆரஞ்சுப் புள்ளிகளும் நுனிக் கருகலும் இருந்தால் அது பொட்டாசியக் குறை. அடி இலைகளின் விளிம்பில் அகலமான மஞ்சள் பட்டை இருந்தால் மக்னீசியக் குறை. உங்கள் படத்தில் முதல்வகை அடையாளம் தெளிவாகத் தெரிகிறது; இரண்டாவதும் கொஞ்சம் இருக்கலாம் என்பது என் ஊகம், படத்தின் வெளிச்சத்தில் அதை உறுதிசெய்ய முடியவில்லை. வேர் அழுகலும் குருத்தை வெளிறச் செய்யும் என்பதால், தொட்டியிலிருந்து செடியை எடுத்துப் பார்க்கும்வரை அந்த வாய்ப்பையும் தள்ளிவிடக் கூடாது.

செய்ய வேண்டியவற்றில் முதலாவது தட்டை அகற்றுவது. அடுத்தது நீரை மாற்றுவது. உங்கள் ஊரில் இதற்கு மிகச் சிறந்த மூலம் மழைநீர். சென்னையில் ஆண்டுக்குச் சராசரியாக 1400 மில்லிமீட்டர் அளவில் மழை பெய்கிறது, அதில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில். நூறு சதுர அடி மொட்டைமாடியில் விழும் மழை மட்டுமே ஆண்டுக்கு ஏறத்தாழ 13,000 லிட்டர். முதல் மழையின் அழுக்கையும் வீணாவதையும் கழித்தாலும், ஆயிரம் லிட்டர் பிளாஸ்டிக் தொட்டி ஒன்றைப் பலமுறை நிரப்பிவிடலாம். ஒரு தொட்டிச் செடிக்குக் கோடையில் நாளுக்கு நான்கைந்து லிட்டர் என்று வைத்தாலும் அது பல மாதங்களுக்குப் போதும். சேமிக்கும் தொட்டி சிமெண்டாக இல்லாமல் பிளாஸ்டிக்காக இருக்கட்டும். புதுச் சிமெண்ட் சுண்ணாம்பைக் கசியவிட்டு மழைநீரையே காரமாக்கிவிடும். சித்திரை, வைகாசியில் மழைநீர் தீர்ந்துபோகும் காலத்தில்தான் வீட்டில் ஏ.சி. அதிகம் ஓடும். அதன் குழாயிலிருந்து சொட்டும் நீர் காற்றின் ஈரம் குளிர்ந்து வருவது என்பதால் உப்பு ஏறக்குறைய இல்லாதது; சென்னைக் காற்றில் ஓர் இரவுக்குப் பல லிட்டர் சேரும். ஆர்.ஓ. இயந்திரத்தின் நல்ல நீரும் உதவும். அந்த இயந்திரம் வெளியே தள்ளும் கழிவுநீரைச் செடிக்கு ஊற்றும் வழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. வேறு செடிகள் எப்படியோ, இந்தச் செடிக்கு அதை ஒருபோதும் ஊற்றாதீர்கள், உப்பைப் பிரித்து ஒதுக்கிய நீர் அது.

நல்ல நீரைத் தட்டில் ஊற்றாமல் மேலிருந்து ஊற்றி, அடித்துளைகள் வழியாகத் தாராளமாக வடியும்படி விட வேண்டும். முதல் தடவை தொட்டியின் கொள்ளளவைப் போல இரண்டு மூன்று மடங்கு நீரை மெதுவாக, இடைவெளி விட்டு ஊற்றினால் சேர்ந்திருக்கும் உப்பில் பெரும்பகுதி கழுவப்பட்டுவிடும். ஐந்நூறு ரூபாய்க்குள் கிடைக்கும் டி.டி.எஸ். மீட்டர் ஒன்று இருந்தால், வடியும் நீரை அளந்து எண் இறங்குவதைக் கண்ணால் பார்க்கலாம். அந்த மீட்டர் உப்பின் மொத்த அளவை மட்டும் தோராயமாகச் சொல்லும். அது சோடியமா, கால்சியமா, பைகார்பனேட் எவ்வளவு என்று சொல்லாது. அதற்கு ஆய்வகம் வேண்டும். வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையத்தில் பாசன நீரையும் பரிசோதித்துத் தருகிறார்கள். ஒருமுறை கொடுத்துப் பார்ப்பது நல்லது.

இந்த இடத்தில் உலவும் சில கைவைத்தியங்களைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். காபித் தூள் சக்கையைப் போட்டால் மண் அமிலமாகும் என்பது பரவலான நம்பிக்கை. வடிகட்டிய சக்கையில் அமிலம் பெரும்பாலும் எஞ்சியிருப்பதில்லை. தொட்டியில் குவித்தால் பூஞ்சைதான் படரும். தேயிலை வடிநீர் நிறத்தில் சதுப்பு நீரை ஒத்திருக்கும், ஆனால் கடின நீரின் பைகார்பனேட்டை ஈடுகட்டும் வலு அதற்கு இல்லை. எலுமிச்சை உப்பு என்று கடையில் கிடைக்கும் சிட்ரிக் அமிலம் பைகார்பனேட்டை உண்மையிலேயே முறிக்கும். நாற்றங்கால்களில் நீரில் அமிலம் சேர்ப்பது வழக்கமான நடைமுறைதான். ஆனால் எவ்வளவு சேர்ப்பது என்பது உங்கள் நீரின் காரத்தன்மையைப் பொறுத்தது. அளக்காமல் ஊகித்து ஊற்றினால் வேர் வெந்துவிடும். அதைவிட முக்கியமானது, அமிலம் சேர்ப்பதால் பி.எச். இறங்குமே தவிர, நீரில் உள்ள சமையலுப்பு அப்படியே இருக்கும். உங்கள் கிணற்றுநீர் நாக்குக்கே உப்புக் கரிப்பதாக இருந்தால் அமிலம் சேர்த்துப் பயனில்லை.

மண் கலவையையும் மாற்ற வேண்டியிருக்கும். நர்சரியில் செம்மண்ணை இறுக்கி நிரப்பித் தருவது வழக்கம். அது இந்த வேருக்கு ஏற்றதல்ல. நான் தேர்ந்தெடுப்பது இரண்டு பங்கு தென்னை நார்க்கழிவு, ஒரு பங்கு நன்கு மட்கிய இலைமக்கு, ஒரு பங்கு பருமணல். நார்க்கழிவை நம்பி ஏமாறக் கூடாது: தேங்காய் மட்டையை உவர்நீரில் ஊறப்போட்டு எடுத்ததாக இருந்தால் உப்பு நிறைய இருக்கும். நல்ல நீரில் மூன்று நான்கு முறை அலசி, வடிநீரை மீட்டரில் பார்த்த பிறகே பயன்படுத்துங்கள். பருமணல் கடற்கரைப் பக்கத்துக் கிளிஞ்சல் கலந்ததாக இருக்கக் கூடாது. அடுப்புச் சாம்பல், உமிச்சாம்பல், முட்டை ஓட்டுத் தூள் ஆகிய மூன்றும் வீட்டுத் தோட்டங்களில் தாராளமாகப் போடப்படுபவை, மூன்றும் காரம், இந்தச் செடிக்கு மூன்றும் கூடாது. ‘பீட் மாஸ்’ என்ற பெயரில் இறக்குமதியாகும் கரிமப் பாசியைச் சிலர் பரிந்துரைப்பார்கள். அது நன்றாகவே வேலை செய்யும். ஆனால் ஒரு சதுப்பு நிலத்துச் செடியை வளர்ப்பதற்காக இன்னொரு நாட்டின் சதுப்பு நிலத்தைத் தோண்டி எடுத்து மூட்டை கட்டி வாங்குவதில் எனக்கு உடன்பாடில்லை. இந்த மரத்தின் சொந்தக் காடுகளும் வடிகால் வெட்டியதால்தான் அழிந்துவருகின்றன. இந்தோனேசியாவில் 1996ல் தொடங்கிய பெரும் நெல் திட்டம் மத்திய கலிமந்தானில் பத்து லட்சம் ஹெக்டேர் அளவுக்குக் கால்வாய் வெட்டி நீரை வடித்தது. நெல் விளையவில்லை; உலர்ந்த கரிநிலம் அடுத்த ஆண்டே தீப்பற்றிப் பல மாதம் புகைந்தது. எண்ணெய்ப் பனைத் தோட்டங்களுக்காக வடிக்கப்படும் நிலங்களிலும் இதே கதைதான்.

தொட்டி மாற்றும்போது வேரைப் பார்க்கலாம். வெளிர் நிறத்தில் உறுதியாக இருந்தால் நல்லது. கறுத்து, விரலால் இழுத்தால் தோல் கழன்றுவந்து நடுநார் மட்டும் நின்றால் அழுகல். அழுகியதை மட்டும் வெட்டுங்கள். வேர்ப்பந்தை உதறிக் கழுவும் பழக்கம் வேண்டாம். இந்தப் பனை வேர் கலைக்கப்படுவதை விரும்பாது, மாதக்கணக்கில் அசையாமல் நின்றுவிடும்.

குட்டையைப் பொறுத்தவரை, அந்த ஆசை தவறானதல்ல, வழிதான் தவறு. சிமெண்ட் பூச்சு சுண்ணாம்பைக் கசியவிடும், அதில் நிரப்பப்போவதும் கிணற்றுநீர் என்றால் நீங்கள் கட்டப்போவது இந்த மரத்தின் ஊருக்கு நேர் எதிரான ஒன்று. உண்மையிலேயே செய்ய விரும்பினால், தடித்த பிளாஸ்டிக் விரிப்பு இட்ட பள்ளத்தில் மழைநீரைத் தேக்கி, நடுவிலோ ஓரத்திலோ மட்கு நிறைந்த மேடு ஒன்று அமைத்து, செடியின் அடிப்பகுதி நீர்மட்டத்துக்கு ஒரு சாண் உயரத்தில் இருக்கும்படி மேட்டின்மேல் நடுங்கள். வேர் தானாகக் கீழிறங்கி நீரைத் தேடிக்கொள்ளும். உபரி நீர் வெளியேற ஒரு வழியும் இருக்க வேண்டும். மழைநீர் தீர்ந்து கிணற்றுநீரை நிரப்பத் தொடங்கிய நாளிலிருந்து பழைய கதை திரும்பிவிடும் என்பதால், ஆண்டு முழுவதும் மழைநீருக்கு வழியில்லாதவர்கள் பெரிய தொட்டியோடு நிறுத்திக்கொள்வதே நல்லது. குற்றாலம், குலசேகரம் பக்கமும், கேரளத்திலும், இலங்கையின் ஈரவலயத்திலும் இருப்பவர்கள் இதே மரத்தைத் தரையில் நட்டு அதிகம் கவலைப்படாமல் வளர்க்கலாம். யாழ்ப்பாணத்து வாசகர்களுக்கு உங்கள் நிலைதான்: அங்கே கிணற்றுநீர் சுண்ணாம்புக்கல்லிலிருந்து வருவது.

ஒளியும் வெப்பமும் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். சென்னையின் வெப்பம் இதற்கு உகந்ததே. மார்கழியிலும் 20 பாகைக்குக் கீழே அதிகம் இறங்காத ஊர் அது. பத்துப் பன்னிரண்டு பாகைக்கு இறங்கினால் இலை பாழாகும், ஆகவே ஊட்டியும் கொடைக்கானலும் இதற்கு ஆகாது. தொல்லை தருவது அக்கினி நட்சத்திர நாட்களின் வறண்ட மேற்குக் காற்று. சிங்கப்பூரின் காற்றில் ஈரப்பதம் எப்போதும் மிகுதி. உங்கள் ஊரில் அந்த நண்பகல்களில் அது வெகுவாகக் குறைந்துவிடும். ஆகவே காலை வெயில் நேராகப் படும்படியும், பிற்பகல் வெயிலும் காற்றும் சுவரால் தடுக்கப்படும்படியும் இடம் பாருங்கள். முழு நிழலில் உயிரோடு இருக்கும், ஆனால் தண்டு மெலிந்து நிறமும் குறையும்.

சிவப்பு மங்குகிறது என்கிற உங்கள் கவலையில் பாதிக்குக் காரணம் செடியின் வயதாகவும் இருக்கலாம். இளம் நாற்றில் காம்பு பச்சையாகவோ பழுப்பாகவோதான் இருக்கும். தண்டு உருவாகி மட்டைகள் குழலாக அமையத் தொடங்கும்போதுதான் நிறம் முழுமையாகத் தெளியும். ஆரஞ்சு நிறத்தண்டு கொண்ட வகைகளும் உண்டு, விதையிலிருந்து வரும் நாற்றுகளுக்குள்ளேயே நிறத்தில் ஏற்றத்தாழ்வு உண்டு. வேறு ஐயமும் எழலாம்: இது வளர மிகவும் தாமதமாகும் செடி, ஆகவே விலை கூடியது, விலை கூடியதற்குப் போலியும் உண்டு. வீடுகளில் சாதாரணமாக வைக்கும் அரேகா பாமின் காம்பு வெயிலில் மஞ்சளும் ஆரஞ்சுமாக மாறும், அதை இந்தப் பெயரில் விற்பவர்கள் இருக்கிறார்கள். இலையின் அடிப்புறத்தைத் திருப்பிப் பாருங்கள்: சிவப்புப் பனையில் அது வெண்சாம்பல் பூத்த பச்சையாக இருக்கும், இலையும் விறைப்பாக மேல்நோக்கி நிற்கும். உங்கள் படத்தில் இருப்பது உண்மையான செடி என்பதில் எனக்கு ஐயமில்லை. இணையத்தில் விதையாக விற்கப்படும் நீல நிற, ஊதா நிறப் ‘பாம்’களை மட்டும் வாங்கிவிடாதீர்கள்.

உரத்தில் கைச்சுருக்கம் நல்லது. ஊட்டம் குறைந்த நிலத்தில் பிறந்த மரம் இது. உரமும் ஒரு உப்புதான் என்பதை மறக்க வேண்டாம். உப்பைக் கழுவி முடித்து இரண்டு மாதம் போன பிறகு, மெதுவாகக் கரையும் உரத்தைப் பொட்டலத்தில் சொன்ன அளவில் பாதி போடுங்கள். பொட்டாசியமும் மக்னீசியமும் உள்ளதாகத் தேர்ந்தெடுங்கள். பொட்டாஷ் தனியாகப் போடுவதானால் மியூரியேட் வேண்டாம், அதில் குளோரைடு இருக்கிறது. சல்பேட் வகையை வாங்குங்கள். இரும்புக்குப் பச்சைத் துத்தத்தை (இரும்பு சல்பேட்) ஊற்றினால் காரமண்ணில் அது உடனே முடங்கிவிடும். ஈ.டி.டி.எச்.ஏ. என்ற கூட்டில் பிணைத்த இரும்பு காரமண்ணிலும் வேலை செய்யும். மலிவாகக் கிடைக்கும் ஈ.டி.டி.ஏ. வகை பி.எச். ஏழை நெருங்கினால் பயனற்றுப்போகும். நுனி கருகிய அடி இலைகளை அழகுக்காக வெட்டிவிடாதீர்கள். பனைகள் பொட்டாசியம் குறையும்போது பழைய இலையிலிருந்து அதை எடுத்துப் புதிய இலைக்கு அனுப்பும். வெட்டினால் குறை அடுத்த இலைக்கு ஏறும். முழுதாகக் காய்ந்ததை மட்டும் எடுக்கலாம்.

பூச்சிகளில் மாவுப்பூச்சியும் செதில் பூச்சியும் மட்டை இடுக்குகளில் ஒளிந்திருக்கும். எறும்பு ஏறினால் அங்கே பாருங்கள். 2016ல் பொள்ளாச்சிப் பக்கம் தென்னையில் முதலில் கண்டறியப்பட்ட சுருள் வெள்ளை ஈ இன்று பரவலாக இருக்கிறது, அருகில் தென்னை இருந்தால் இலையின் அடிப்புறத்தில் வெண்சுருள்கள் தென்படுகின்றனவா என்று கவனியுங்கள். வறண்ட மாதங்களில் சிலந்திப் பேன் வரும். தொட்டிச் செடி ஒன்றுக்கு ஈரத்துணியும் வேப்பெண்ணெய்க் கரைசலும் போதும்.

கடைசியாகப் பக்கக் கன்று. இப்போது பிரிக்காதீர்கள், நலிந்த செடியில் தாயும் கன்றும் இரண்டும் போய்விடும். செடி தேறிய பிறகும், கன்றைப் பிடுங்கி நடுவது இந்த இனத்தில் பெரும்பாலும் தோல்வியில்தான் முடியும், ஏனெனில் கன்று நெடுநாள் தாயின் வேரையே நம்பியிருக்கும். நாற்றங்கால்களில் நாங்கள் செய்வது, கன்றின் அடியைச் சுற்றி ஈர நார்க்கழிவைக் குவித்துக் கட்டி, தாயோடு இருக்கும்போதே அதற்குச் சொந்த வேர் விடச் செய்வது. வேர் நன்றாக ஓடியது தெரிந்த பின்பே கூரிய கத்தியால் துண்டித்து, நிழலில், ஈரப்பதம் குறையாமல் மூடி வைப்போம். அப்படியும் இழப்பு உண்டு. விதை வழி மெதுவானது, ஆனால் நம்பகமானது. பழுத்துக் கறுத்த காயின் சதையை அன்றே நீக்கி, ஓரிரு நாள் ஊறவைத்து, விதை உலர்வதற்கு முன் நார்க்கழிவும் மணலும் கலந்த தட்டில் ஊன்றி 30 பாகைச் சூட்டில் ஈரமாக வைத்தால், இரண்டு மாதத்திலிருந்து முளை வரத் தொடங்கும். சில விதைகள் அரை ஆண்டுகூட எடுக்கும். உலர்ந்த விதை பயன்படாது, அஞ்சலில் நெடுநாள் கிடந்து வருவதும் அப்படியே. உங்கள் செடியில் இப்போது கருகியிருக்கும் நுனிகள் மறுபடி பச்சையாகாது. நீரையும் மண்ணையும் மாற்றிய பிறகு விரியும் இரண்டாவது, மூன்றாவது குருத்தின் நிறத்தைப் பார்த்துத்தான் முன்னேற்றத்தைக் கணிக்க வேண்டும். இது மெதுவான செடி என்பதால் அதற்கே அடுத்த வடகிழக்குப் பருவமழை வரை ஆகலாம். அப்போதும் குருத்து வெளிறியே வந்தால், நீர்ப் பரிசோதனை அறிக்கையோடும் வேரின் படத்தோடும் மறுபடி எழுதுங்கள்.